உளவுச் செய்தி எங்கே உடைகிறது: களத்திலா, தலைமையகத்திலா?

#1 வைகைக்கரை

உளவு என்றதும் மாறுவேடம், பூட்டுடைப்பு, ரகசியக் கோப்பு என்றே பேச்சு போகிறது. ஆனால் வெளிவந்த ஆவணங்களையும் நீதிமன்றப் பதிவுகளையும் வரிசையாகப் படித்தால், செய்தியை எடுக்கும்போது பிடிபட்டவர்கள் குறைவு. எடுத்ததை அனுப்பும்போதும், அனுப்பியதை மறுமுனையில் வைத்திருக்கும்போதும்தான் பலரும் மாட்டியிருக்கிறார்கள்.

மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள இந்த இழை. சட்டம் யாரை உளவாளி என்கிறது? செய்தி எந்த வழியில் போகிறது, அந்த வழி எப்படி உடைகிறது? வந்து சேர்ந்த செய்தி பொய்யல்ல என்று எப்படி அறிவது?

பழைய, முடிந்துபோன வழக்குகளை வைத்துப் பேசுவோம். சினிமா வேண்டாம்.

---

#2 பிரிவு_மூன்று

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம்.

போர்க்கால வரையறை 1907 ஹேக் விதிகளின் 29-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவர் உளவாளி ஆக இவை எல்லாம் சேர வேண்டும்: மறைவாகவோ பொய் வேடத்திலோ செயல்பட வேண்டும், போர் நடக்கும் பகுதியில் தகவல் திரட்டவோ திரட்ட முயலவோ வேண்டும், அதை எதிர்த் தரப்புக்குத் தெரிவிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். சீருடையோடு எதிரி எல்லைக்குள் புகுந்து வேவு பார்த்த சிப்பாய் உளவாளி அல்ல. பிடிபட்டால் போர்க்கைதி.

30-ஆம் பிரிவு, கையும் களவுமாகப் பிடித்தாலும் விசாரணையில்லாமல் தண்டிக்கக் கூடாது என்கிறது. பலருக்குத் தெரியாதது 31-ஆம் பிரிவு. உளவு முடித்துத் தன் படையோடு போய்ச் சேர்ந்துவிட்டவன் பிறகு ஒருநாள் பிடிபட்டால், முன்பு செய்த உளவுக்காக அவனைத் தண்டிக்க முடியாது. போர்க்கைதியாகவே நடத்த வேண்டும்.

அமைதிக்காலத்தில் அந்தந்த நாட்டின் சட்டம்தான். இந்தியாவில் 1923 அலுவலக ரகசியச் சட்டம், 3-ஆம் பிரிவு. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடான நோக்கத்தோடு தடைசெய்த இடத்தை நெருங்குவது, எதிரிக்குப் பயன்படும் வரைபடம் தயாரிப்பது, தகவல் சேகரிப்பது, பதிவது, பிறருக்குத் தருவது எல்லாமே குற்றம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ராணுவம், பாதுகாப்பு தொடர்பானதென்றால் 14 ஆண்டு வரை, மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை.

தூதரகப் பாதுகாப்பு உள்ள ஒருவரை எதுவும் செய்ய முடியாது. 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவின்படி "வேண்டாதவர்" என்று அறிவித்து ஊருக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். 27-ஆம் பிரிவு தூதரகப் பையைத் திறக்கவும் கூடாது, பிடித்து வைக்கவும் கூடாது என்கிறது. கேஸ் ஆபீசர்கள் (உள்ளூர்க்காரரிடம் தகவல் வாங்கும் உளவுத்துறை அதிகாரிகள்) பெரும்பாலும் தூதரக வேலை என்ற போர்வையில் இருப்பதற்கும், தகவல் தரும் உள்ளூர்க்காரர் மட்டும் தூக்குமேடை வரை போவதற்கும் காரணம் இதுதான்.

---

#3 ஐந்தெண்

அனுப்பும் வழிகளில் கணக்குப்படி உடைக்கவே முடியாத ஒன்று உண்டு: ஒன் டைம் பேட். கையளவு சிறு புத்தகம், பக்கம் பக்கமாக ஐந்தைந்தாகப் பிரித்த எண்கள். அதே புத்தகத்தின் இன்னொரு படி மறுமுனையில் இருக்கும். உலகில் வேறெங்கும் இருக்கக் கூடாது.

முதலில் செய்தியை எண்ணாக்க வேண்டும். சோவியத் முறையில் இதற்குத் தனிச் சங்கேத அகராதி இருந்தது. பிறகு ஒவ்வோர் எண்ணோடும் புத்தகத்திலுள்ள எண்ணைக் கூட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, விட்டுவிட வேண்டும்.

செய்தி: 47192
சாவி: 85634
அனுப்புவது: 22726

4-உம் 8-உம் 12, ஆகவே 2. 7-உம் 5-உம் 12, ஆகவே 2. 1-உம் 6-உம் 7. இப்படியே போகும். பெறுபவர் சாவியைக் கழிப்பார். கழிக்க முடியாத இடத்தில் பத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம், பக்கத்து எண்ணைத் தொட வேண்டாம். 22726-இலிருந்து 85634 போனால் 47192 திரும்ப வரும்.

இது ஏன் உடையாது? 22726 என்ற எண்ணுக்குப் பின்னால் எந்த ஐந்தெண்ணும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் சரியான விடை எது என்று சொல்ல அதனிடம் ஆதாரம் இல்லை.

நிபந்தனைகள் கடுமையானவை. சாவி உண்மையிலேயே தற்செயலான எண்களாக இருக்க வேண்டும். செய்தியின் நீளம் எவ்வளவோ அவ்வளவு சாவி வேண்டும். பயன்படுத்திய பக்கத்தை அப்போதே எரிக்க வேண்டும். எந்தப் பக்கத்தையும் மறுபடி தொடக் கூடாது. கடைசி நிபந்தனை மீறப்பட்டதால்தான் அணுகுண்டு உளவு வெளியே வந்தது.

---

#4 கொல்லிமலையான்

@ஐந்தெண், ஒரு பக்கத்தை இரண்டு தடவை பயன்படுத்தினால் அவ்வளவு பெரிய ஆபத்தா? எதிரியிடம் சாவி இல்லையே. இரண்டு செய்தி கிடைத்தாலும் இரண்டும் புரியாத எண்கள்தானே?

---

#5 ஐந்தெண்

சாவி தேவைப்படாது. அதுதான் சிக்கல். அதே 85634-ஐ வைத்து இன்னொரு செய்தியை மறைத்துப் பாருங்கள்:

இரண்டாம் செய்தி: 30558
அனுப்புவது: 15182

இப்போது எதிரி தான் ஒட்டுக்கேட்ட இரண்டையும் கழிக்கிறான். 22726-இலிருந்து 15182 போனால், அதே கடன் கணக்கில், 17644. மூலச் செய்திகளான 47192, 30558 இரண்டையும் கழித்தாலும் 17644-தான். சாவி தானே கழன்று விழுந்துவிட்டது. மிஞ்சியிருப்பது இரண்டு உண்மைச் செய்திகளின் வித்தியாசம். ஒன்றில் அடிக்கடி வரும் சொல்லின் எண்ணை ஊகித்து வைத்தால், மற்றதில் பொருளுள்ள எண் வருகிறதா என்று பார்க்கலாம்.

1942 தொடக்கத்தில் மாஸ்கோவில் சாவிப் பக்கங்களைத் தயாரித்தவர்கள் சுமார் 35,000 பக்கங்களை இரட்டையாக அச்சிட்டுவிட்டார்கள். ஜெர்மன் படை நாட்டுக்குள் நிற்கும் நேரம், சாவிக்கான தேவை ஏறிக்கொண்டே போனது. இரட்டைப் பக்கங்களை வெவ்வேறு புத்தகங்களில் கட்டி, வர்த்தகத் துறைக்கும் தூதரகங்களுக்கும் உளவுத் துறைக்கும் பிரித்து அனுப்பினார்கள். நியூயார்க்கில் இருந்த அதிகாரி தன் பக்கத்தை ஒழுங்காக ஒரு தடவை மட்டும் பயன்படுத்தி எரித்திருப்பார். அதே பக்கத்தை வேறொரு நகரத்தில் வர்த்தக அலுவலர் பயன்படுத்துவது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

அமெரிக்க ராணுவம் 1943 பிப்ரவரியில் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் ஹாலில் இந்தச் சோவியத் செய்திகளை ஆராயத் தொடங்கியது. பின்னாளில் வெனோனா என்று பெயர் பெற்றது. அந்த ஆண்டே வர்த்தகச் செய்திகளில் சாவி திரும்ப வருவது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் சங்கேத அகராதியை ஒவ்வொரு சொல்லாகக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அங்கே சங்கேதம் உடைத்த மெரிடித் கார்ட்னர் 1946 டிசம்பரில் படித்த ஒரு செய்தியில் அணுகுண்டுத் திட்ட விஞ்ஞானிகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது. 1949-இல் அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி கிளாஸ் ஃபுக்ஸ் அடையாளம் காணப்பட்டார், 1950-இல் அவருக்கு 14 ஆண்டுச் சிறை.

சோவியத்துக்கு உளவு சொன்ன பிரிட்டிஷ் அதிகாரி டொனால்ட் மக்லீன் மாட்டிய விதம் இன்னும் நுணுக்கமானது. "ஹோமர்" என்ற புனைபெயர்க்காரர் கர்ப்பிணி மனைவியைப் பார்க்க நியூயார்க் போவார் என்று ஒரு செய்தியில் இருந்தது. வாஷிங்டன் பிரிட்டிஷ் தூதரகத்தில் அதற்குப் பொருந்தியவர் மக்லீன். புனைபெயர் வைத்து என்ன பயன், அடுத்த வரியில் குடும்ப விவரம் இருந்தால்? விசாரணை தொடங்குமுன் 1951 மே 25 அன்று அவர் தப்பிவிட்டார்.

மொத்தம் சுமார் 3,000 செய்திகள் முழுதாகவோ அரைகுறையாகவோ படிக்கப்பட்டன. இந்தப் பணி 1980 வரை நடந்தது, பொதுமக்களுக்கு 1995-இல்தான் தெரிந்தது.

---

#6 பித்தளைச்சாவி

ஐந்தெண் சொன்னது அறைக்குள் நடக்கும் கணக்கு. வானொலியில் அனுப்புகிறவனுக்கு வேறு கவலைகள்.

இரண்டாம் உலகப் போரில் எதிரி பிடித்த நாடுகளுக்குள் ரகசியமாக ஆளனுப்பிய பிரிட்டனின் எஸ்.ஓ.இ. அமைப்பு தன் ஆட்களுக்குக் கொடுத்த பி-2 என்ற கருவி சூட்கேசுக்குள் அடங்கும். எடை சுமார் 15 கிலோ, வெளியீடு 20 வாட். அலைவரிசையை ஒரு கிரிஸ்டல் துண்டு தீர்மானிக்கும். அதை மாற்றினால்தான் அலைவரிசை மாறும். ஏரியல் கம்பி 20 மீட்டர் அளவுக்கு வேண்டும். பரண், தோட்டம், துணி காயப்போடும் கொடி என்று எங்காவது நீட்டித்தான் ஆக வேண்டும். 15 கிலோ சூட்கேசை ரயில் நிலையச் சோதனையில் சாதாரணமாகத் தூக்கிக் காட்டுவது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

ஜெர்மானியர்கள் தேடியது மூன்று கட்டமாக. தொலைவிலுள்ள நிலையங்கள் அலை வரும் திசையைக் குறிக்கும். இரண்டு மூன்று கோடுகள் வரைபடத்தில் வெட்டும் இடம் ஊரைக் காட்டும். பிறகு திசை காணும் கருவி பொருத்திய வண்டிகள் தெருவைக் கண்டுபிடிக்கும். கடைசியில் சட்டைக்குள் சிறு ரிசீவரோடு ஒருவர் நடந்து வருவார். கட்டடம் புரியாவிட்டால் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பார்கள். எந்தப் பகுதியை நிறுத்தும்போது மோர்ஸ் ஒலி அறுகிறதோ அங்கேதான் கருவி. இதற்காகவே 6 வோல்ட் பேட்டரியிலும் ஓடும்படி கருவியைச் செய்தார்கள்.

நகரத்தில் அரை மணி நேரத்துக்குள் வண்டி வாசலுக்கு வந்துவிடும். ஆகவே விதிகள் எளிமையானவை: குறைவாகப் பேசு, நேரத்தை மாற்று, அலைவரிசையை மாற்று, வீட்டை மாற்று.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு பிரஸ்ஸல்ஸ். சோவியத் உளவு வலை ஒன்று அத்ரெபாத் தெருவின் 101-ஆம் எண் வீட்டிலிருந்து இரவில் மணிக்கணக்காக அனுப்பிக்கொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜெர்மானியர்கள் உள்ளே புகுந்தார்கள். பாதி எரிந்த தாள்களிலிருந்து சங்கேதத்துக்கு எந்த நாவல் சாவியாக இருந்தது என்று கண்டுபிடித்து, முன்பு பதிவுசெய்து வைத்திருந்த பழைய செய்திகளையெல்லாம் படித்தார்கள். அவற்றில் ஒன்று 1941-இல் மாஸ்கோவே அனுப்பியது. அதில் பெர்லினில் இருந்த முக்கிய ஆட்களின் வீட்டு முகவரிகள். விமானப்படை அமைச்சகத்தில் வேலை பார்த்த ஹாரோ ஷூல்ட்ஸ்-பாய்சன் 1942 ஆகஸ்ட் 31 அன்று கைதானார், பெர்லின் வலை முழுதும் அழிந்தது.

வீட்டு முகவரியை வானொலியில் அனுப்பியது களத்தில் இருந்தவர் அல்ல. மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

---

#7 வைகைக்கரை

பித்தளைச்சாவியின் கடைசி வரி முக்கியம். மாஸ்கோ இரட்டைப் பக்கம் அச்சிட்டதும் இதே ரகம். களத்தில் இருப்பவர் விதிப்படி நடந்தும் தலைமையகத்தால் கெட்டார்.

நூர் இனாயத் கானின் வழக்கு இதில் எங்கே வருகிறது? இந்திய வாசகர்களுக்குத் தெரிந்த பெயர் என்பதால் கேட்கிறேன்.

---

#8 பித்தளைச்சாவி

இரண்டிலும் வருகிறது. திப்பு சுல்தான் வழியில் வந்தவர், எஸ்.ஓ.இ.யின் வானொலிக்காரர். 1943 ஜூனில் சிறு விமானத்தில் பிரான்சில் இறக்கப்பட்டார். இறங்கிய சில நாள்களிலேயே அவர் சேரவேண்டிய வலை உடைந்தது. திரும்பி வரச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். பாரிஸ் முழுதும் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறி அக்டோபர் வரை தாக்குப்பிடித்தார். அந்த நகரத்தில் அன்று இருந்த நெருக்கடியில் அது அசாதாரணமான தைரியம். கடைசியில் வண்டி கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் காட்டிக்கொடுத்தார்.

அனுப்பிய செய்திகளையும் வந்தவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அது ஜெர்மானியர் கையில் போனது. விசாரணையில் அவர் வாய் திறக்கவில்லை, ஆனால் பழைய செய்திகளைப் பார்த்து அவருடைய நடையைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரிலேயே லண்டனோடு பேசினார்கள். லண்டன் நம்பி மேலும் ஆட்களை அனுப்பியது. அவர்கள் நேராகச் சிறைக்குப் போனார்கள். நூர் 1944 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியின் டாக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949-இல் பிரிட்டன் ஜார்ஜ் கிராஸ் வீர விருது கொடுத்தது.

நோட்டு வைத்தது பிழைதான். அதைவிடப் பெரியது மறுமுனையில் நடந்தது.

---

#9 ஐந்தெண்

அந்த மறுமுனைப் பிழையின் முழு வடிவம் ஹாலந்து. விரிவாகச் சொல்ல வேண்டியது.

எஸ்.ஓ.இ. ஒவ்வொரு வானொலிக்காரருக்கும் ஒரு பாதுகாப்பு அடையாளம் கொடுத்திருந்தது. செய்தியில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்ய வேண்டும். பிழை இருந்தால் அவர் சுதந்திரமாக இருக்கிறார். பிழையில்லாமல் சுத்தமாக வந்தால் எதிரியின் பிடியில் இருக்கிறார்.

ஹூப் லவர்ஸ் 1942 மார்ச் 6 அன்று ஹேக் நகரில் கருவியோடு பிடிபட்டார். அவருடைய அடையாளம், பதினாறாவது எழுத்தில் பிழை செய்வது. அவரிடம் சிக்கிய செய்திகளில் அந்த இடம் தற்செயலாக "ஸ்டாப்" என்ற சொல்லில் விழுந்திருந்தது. "ஸ்டாப்" என்பதைக் கெடுத்து எழுதுவதுதான் தன் அடையாளம் என்று ஜெர்மானியரை நம்பவைத்தார். பிறகு அவர்கள் சொன்னபடி அனுப்பினார், உண்மையான அடையாளத்தை விட்டுவிட்டு. தான் மாட்டிக்கொண்டதை லண்டனுக்கு அவர் சொல்லிவிட்டார்.

லண்டன் கவனிக்கவில்லை. வானொலியில் எழுத்து சிதைவது சகஜம், மறந்திருப்பார் என்று விட்டார்கள். அடுத்த ஆளை எங்கே இறக்குவது என்று அதே கருவியில் கேட்டார்கள். இறங்கியவர்களை வரவேற்க ஜெர்மானியர்கள் நின்றார்கள். அவர்களுடைய கருவிகளும் சேர, லண்டனோடு பேசும் "குரல்கள்" பெருகின. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சிக்கினார்கள். பெரும்பாலோர் 1944 செப்டம்பரில் மௌட்ஹவுசென் முகாமில் கொல்லப்பட்டார்கள்.

லண்டனில் சங்கேதப் பிரிவைப் பார்த்த லியோ மார்க்ஸ் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். எல்லா நாடுகளிலிருந்தும் அவ்வப்போது படிக்க முடியாத செய்தி வரும். பதற்றத்தில், குளிரில், இருட்டில் சங்கேதம் எழுதுகிறவர் தவறு செய்வார். ஹாலந்திலிருந்து வந்தவை மட்டும் சுத்தமாக இருந்தன. சங்கேதத்தை நிதானமாக, மேசையில் உட்கார்ந்து யாரோ எழுதுகிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? அவர் சொன்னதும் எடுபடவில்லை.

1943 ஆகஸ்ட் இறுதியில் உப்பிங்க், டூர்லைன் என்ற இரண்டு கைதிகள் ஹாரன் சிறையிலிருந்து தப்பி நேரில் உண்மையைச் சொல்லப் புறப்பட்டார்கள். அவர்கள் ஜெர்மானியருக்கு விலைபோனவர்கள் என்று, அதே கைப்பற்றிய கருவியின் மூலம், அவர்களுக்கு முன்பே செய்தி லண்டன் போய்ச் சேர்ந்தது. 1944 ஏப்ரல் 1 அன்று ஜெர்மன் அதிகாரி கிஸ்கெஸ், சங்கேதமே இல்லாத வெற்று மொழியில் லண்டனுக்கு விடைபெறும் செய்தி அனுப்பி விளையாட்டை முடித்துக்கொண்டார்.

---

#10 ஒற்றாடல்_590

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இதற்கு நேரான விடை வைத்திருக்கிறது. ஓர் ஒற்றன் தந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் (588). ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்துவந்தால் நம்பலாம் (589).

589-இன் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் ஹாலந்துதான் நடக்கும். அங்கே மூன்றல்ல, அதற்கு மேலும் குரல்கள் ஒத்துப்போயின. எல்லாம் ஒரே மேசையிலிருந்து வந்தவை. ஒருவரை ஒருவர் அறியாமை என்பது ஒற்றனின் பாதுகாப்புக்காக மட்டும் சொன்னதல்ல. சாட்சிகள் தனித்தனியாக இருந்தால்தான் ஒத்துப்போவதற்கு மதிப்பு.

இதையே திருப்பிப் போட்டு ஜெர்மனியை ஏமாற்றியது பிரிட்டன். பிரிட்டனுக்குள் எதிரி உளவைத் தடுக்கும் அமைப்பான எம்.ஐ.5 தன் நாட்டிலிருந்த ஜெர்மன் உளவாளிகளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. எந்தச் செய்தியைக் கொடுக்கலாம் என்று முடிவெடுக்க 1941 ஜனவரியில் இருபது குழு அமைந்தது (ரோமானிய எழுத்தில் இருபது என்பது XX, இரட்டைக் குறுக்கு; ஆங்கிலத்தில் "டபுள் கிராஸ்" என்றால் நம்பவைத்து ஏமாற்றுவது). பெர்லின் ஒருவர் சொன்னதை மற்றவரைக் கொண்டு சரிபார்க்க முயன்றபோதெல்லாம் எம்.ஐ.5 எழுதியதை எம்.ஐ.5 எழுதியதோடுதான் ஒப்பிட்டது.

இவர்களில் பெரியவர் கார்போ என்ற ஜுவான் பூஜோல், ஸ்பெயின்காரர். 1942 ஏப்ரலில் பிரிட்டன் வருவதற்கு முன்பு லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு பிரிட்டனில் இருப்பதாகக் கற்பனையில் அறிக்கை எழுதி ஜெர்மனிக்கு அனுப்பியவர். கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்வார்கள் என்றெல்லாம் எழுதினார். ஸ்காட்லாந்துக் குடிப்பழக்கம் தெரிந்த ஒருவர் பெர்லினில் படித்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். பிறகு எம்.ஐ.5 உதவியோடு, உண்மையில் இல்லாத 27 துணை உளவாளிகளை உருவாக்கினார். அந்த 27 பேருக்கும் ஜெர்மனி பணம் கொடுத்தது.

1944 ஜூன் 9 அதிகாலை, நார்மண்டியில் நடப்பது திசைதிருப்பல், உண்மையான தாக்குதல் கலே கரையில் வரும் என்று அவர் அனுப்பிய செய்தி இரண்டு மணி நேரம் ஓடியது. பித்தளைச்சாவி சொன்ன அரை மணிக் கணக்கை இங்கே வையுங்கள். எதிரி நாட்டுக்குள் ஒளிந்திருக்கும் உண்மையான உளவாளி இரண்டு மணி நேரம் வானொலியில் பேசிவிட்டு உயிரோடு இருக்க முடியாது. பெர்லினில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பதிலாக இரும்புச் சிலுவை விருது கொடுத்தார்கள். அதே ஆண்டு பிரிட்டனும் எம்.பி.இ. விருது கொடுத்தது.

பிரிட்டனிடம் ஜெர்மனிக்கு இல்லாத ஒன்று இருந்தது. ஜெர்மன் உளவுத்துறையின் சங்கேதத்தை உடைத்துப் படித்துக்கொண்டிருந்ததால், சொன்ன பொய்யை பெர்லின் நம்பியதா என்று மறுபக்கத்திலிருந்தே பார்க்க முடிந்தது. 588 கேட்கும் அந்த இன்னோர் ஒற்று அதுதான்.

---

#11 ஃபேஸ்_லாக்

இழை முழுக்க வானொலியும் சங்கேதமுமாகப் போகிறது. எடுப்பது எளிது என்ற முதல் பதிவின் தொனியை நான் ஏற்கவில்லை. அடால்ஃப் டோல்கச்சேவைப் பாருங்கள்.

மாஸ்கோவில் போர் விமான ரேடார் வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர். 1979 முதல் சி.ஐ.ஏ.வுக்கு ஆவணங்களைப் படமெடுத்துக் கொடுத்தார். மதிய உணவு இடைவேளையில் கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நாற்காலி முதுகில் கிளாம்ப் வைத்துப் பெண்டாக்ஸ் 35 மி.மீ. கேமராவைப் பொருத்தி, பக்கம் பக்கமாக எடுத்து, இடைவேளை முடிவதற்குள் திருப்பி வைப்பார். பிறகு நிறுவனத்தில் விதி மாறியது. ரகசிய ஆவணம் வாங்க வேண்டுமானால் நுழைவு அட்டையை ஒப்படைக்க வேண்டும். அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஒரே விதியில் வழி அடைபட்டது. அவரைப் போன்றே இன்னொரு போலி அட்டை தயாரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. கையடக்கக் கேமராவை நிறுவனத்துக்குள்ளேயே வைத்து எடுத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் போதாமல் படங்கள் கெட்டன.

1985 ஜூனில் கைதாகி மறு ஆண்டு மரண தண்டனை. கேமராவாலும் அல்ல, சந்திப்பாலும் அல்ல. மாஸ்கோ வேலைக்குப் பயிற்சி கொடுத்து, அனுப்பாமலேயே 1983-இல் சி.ஐ.ஏ. வெளியேற்றிய எட்வர்ட் லீ ஹாவர்ட் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டார். ஆள் காட்டிக்கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. சங்கேதம் அதற்கு அடுத்ததுதான்.

---

#12 வைகைக்கரை

@ஃபேஸ்_லாக், காட்டிக்கொடுப்பு பெரிய ஓட்டை என்பதில் மறுப்பில்லை. ஆனால் ஹாவர்டுக்கு எப்படித் தெரிந்தது? தலைமையகம்தான் அவருக்குக் கோப்பைப் படிக்கக் கொடுத்தது. போகாத ஆளுக்கு விவரம் தெரிந்திருந்தது. இதுவும் அதே மேசை.

ராபர்ட் ஹான்சன் இதைத் தெரிந்து வைத்திருந்தார். எஃப்.பி.ஐ. உள்ளேயிருந்து மாஸ்கோவுக்கு விற்றவர், தன் உண்மைப் பெயரையே அவர்களிடம் சொல்லவில்லை. நேரில் சந்திக்கவும் மறுத்தார். எல்லாம் டெட் டிராப் வழியாக, அதாவது பொதியை ஓரிடத்தில் மறைத்துவிட்டுப் போவது, மற்றவர் பிறகு வந்து எடுப்பது. வர்ஜீனியாவில் ஒரு பூங்காவின் நடைபாலத்துக்கு அடியில் பிளாஸ்டிக் குப்பைப் பையில் வைப்பார். மாஸ்கோவுக்கு ஆளே தெரியாததால் அங்கிருந்து ஓடிவந்தவர்கள் யாராலும் அவர் பெயரைச் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் மாஸ்கோ கோப்பு வைத்திருந்தது. அதில் தொலைபேசிப் பேச்சின் ஒலிநாடாவும், அவர் விரல் பட்ட பழைய குப்பைப் பையும் இருந்தன. கே.ஜி.பி.யில் இருந்த ஒருவரிடமிருந்து அமெரிக்கா அந்தக் கோப்பை 70 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2001 பிப்ரவரி 18 அன்று அதே பாலத்தடியில் கைது.

---

#13 கொல்லிமலையான்

அனுப்புவதில்தான் ஆபத்து என்றால் பெறுவதில் இல்லையா? சிற்றலையில் எண்களை வாசிக்கும் மர்ம நிலையங்கள் அதற்குத்தானே?

---

#14 பித்தளைச்சாவி

அதற்காகத்தான். ரிசீவர் வைத்துக் கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று நடைமுறையில் கண்டுபிடிக்க முடியாது. கடையில் வாங்கும் சாதாரண சிற்றலை வானொலி போதும். ஒரு குரல் ஐந்தைந்து எண்ணாக வாசிக்கும், உலகமே கேட்கலாம், சாவி உள்ளவருக்கு மட்டும் பொருள்.

அமெரிக்கப் பாதுகாப்பு உளவு முகமையில் கியூபா ஆய்வாளராக இருந்த ஆனா மோன்டெஸ் இப்படித்தான் ஹவானாவிடமிருந்து கட்டளை வாங்கினார். அலுவலகத்திலிருந்து ஒரு தாளும் வெளியே கொண்டு வரவில்லை. படித்து மனப்பாடம் செய்து வீட்டில் லேப்டாப்பில் தட்டினார். எடுப்பதில் தடயமே இல்லாத முறை இது. ஒலிபரப்பில் வந்த எண்களை அதே லேப்டாப்பில் ஏற்றி, கொடுத்திருந்த டிஸ்க்கால் விடுவித்தார். அழித்துவிட்டதாக நினைத்த எழுத்து ஹார்ட் டிஸ்க்கில் மிச்சமிருந்தது. எஃப்.பி.ஐ. மீட்ட எண்தொகுதிகளில் 150, 1999 பிப்ரவரி 6 அன்று ஒலிபரப்பானதோடு பொருந்தின. 2001 செப்டம்பர் 21 அன்று கைது, 25 ஆண்டுத் தண்டனை, 2023 ஜனவரியில் விடுதலை.

தாளென்றால் எரித்திருப்பார். சாம்பலிலிருந்து எண் வராது.

---

#15 ஒற்றாடல்_590

ஒரு கேள்வி ஐந்தெண்ணுக்கு. 1953-இல் புரூக்ளினில் பேப்பர் போடும் பையன் கையிலிருந்து விழுந்த ஐந்து சென்ட் நாணயம் இரண்டாகப் பிளந்து, உள்ளே நுண்படம் இருந்ததே. அதை நான்கு ஆண்டு எஃப்.பி.ஐ. படிக்க முடியவில்லை. அது ஒன் டைம் பேடா?

---

#16 ஐந்தெண்

இல்லை. அது கையால் எழுதும் சங்கேதம், மனப்பாடத்திலிருந்து சாவியை உருவாக்குவது. 207 ஐந்தெண் தொகுதிகள். சாவிக்கு நான்கு பொருள்கள்: "பனிப்பொழிவு" என்ற ரஷ்யச் சொல், ஒரு பாட்டின் சிறு துண்டு, ஜப்பானை வென்ற நாளான 1945 செப்டம்பர் 3, அந்த ஆளுக்கான தனி எண் 13. இவற்றிலிருந்து பல அடுக்குக் கூட்டல்களால் எண் வரிசை செய்து, எழுத்தை எண்ணாக்கி, இரண்டு தடவை இடம் மாற்றுவார்கள். பையில் எந்தப் புத்தகமும் வேண்டாம், சோதனையில் எதுவும் கிடைக்காது. அதன் விலை, எழுத நேரம் பிடிக்கும், ஓரிடத்தில் தவறினால் முழுதும் குலையும்.

நாணயம் எப்படிப் புழக்கத்துக்குப் போனது என்பது தனிக் கதை. யாரோ அதைச் சில்லறையாகச் செலவழித்துவிட்டார்கள். அதைப் பெறவேண்டிய சோவியத் உளவாளி ரெய்னோ ஹேஹானன் 1957 மே மாதம் பாரிஸில் அமெரிக்கத் தூதரகத்தில் சரணடைந்து நான்கு பொருளையும் சொன்ன பிறகு செய்தி திறந்தது. உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு வாழ்த்து, மறைப்புக்காக ஒரு தொழில் தொடங்க 3,000 உள்ளூர்ப் பணம் தருவோம் என்ற தகவல், மனைவிக்குப் பொதி சேர்ந்தது என்ற ஆறுதல்.

பெரிய விளைவு ஹேஹானன் வாயிலிருந்து வந்தது. தன் மேலதிகாரியின் ஸ்டுடியோ எந்தக் கட்டடத்தில் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஒருமுறை அங்கே அழைத்துப் போயிருந்தார்கள். அந்த மேலதிகாரி, ருடால்ஃப் ஏபெல் என்ற வில்லியம் ஃபிஷர், 1957 ஜூன் 21 அன்று நியூயார்க் விடுதியறையில் பிடிபட்டார். 30 ஆண்டுத் தண்டனை, 1962 பிப்ரவரி 10 அன்று அமெரிக்க உளவு விமானமான யு-2-இன் விமானி கேரி பவர்ஸுக்கு மாற்றாக விடுதலை. அவருடைய பொருள்களில் உப்புத்தாள் சுற்றிய, உள்ளே குடைந்த மரக்கட்டை ஒன்று கிடைத்தது. அதற்குள் இருந்தது ஒன் டைம் பேட்.